வெளிச்சுவரும் உப்புக்காற்றும்

(பொங்கலுக்கு முந்திய சிரமதானப் பணியையொட்டிச் சங்க மண்டபத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

இச்சபையிலே சமயச் சொற்பொழிவுகள் பல கேட்டிருக்கிறீர்கள். இன்று எனக்குத் தரப்பட்ட விஷயமோ சுவர் கழுவுவது. “இதற்கும் ஒரு சொற்பொழிவா?” என்று பின்வரிசையில் யாரோ மெல்லச் சிரிப்பது தெரிகிறது. சிரிக்கலாம், தவறில்லை. ஆனால் வரும் வாரம் நமது வாலிபர்கள் முதியோர் தனித்து வாழும் வீடுகளுக்குச் சென்று, அவற்றின் வெளிச்சுவர்களைத் துப்புரவு செய்து வெள்ளையடித்துக் கொடுக்கப் போகிறார்கள். நல்ல எண்ணம், அருமையான தொண்டு. அத்தொண்டு அவ்வீடுகளுக்குத் தீங்காய் முடியாதிருக்க வேண்டும் என்பதற்காகவே நான் இங்கு நிற்கிறேன்.

துப்புரவுத் தொண்டு நமது சமயத்திற்குப் புதியதன்று. திருநாவுக்கரசு நாயனார் கையிலே உழவாரப்படை இருந்தது. கோயில் முற்றத்திலே முளைத்த புல்லையும் பூண்டையும் செதுக்குவதற்கு அஃது ஏற்ற கருவி. அவருடைய தமக்கையார் திலகவதியார் திருவதிகையிலே கோயிலைக் கூட்டி, மெழுகி, மாலை தொடுத்துத் தொண்டு செய்தார். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். முற்றத்துக்கு உழவாரம், தரைக்கு விளக்குமாறும் சாணமும். இடத்துக்கு ஏற்ற கருவி, கருவிக்கு ஏற்ற பலம். நான் சொல்ல வந்ததெல்லாம் இவ்வளவுதான். மற்றவை இதன் விரிவு.

நேற்று மாலை ஒரு தம்பி என்னிடம் வந்து, “ஐயா, தண்ணி அடிக்கிற மெசினை வாடகைக்கு எடுத்தால் ஒரு வீடு ஒரு மணித்தியாலத்தில முடிஞ்சிடும். கறுப்புப் பிடிச்ச இடத்துக்குக் கொஞ்சம் அசிற் ஊத்தினால் பளிச்சென்று வந்திடும். பிறகேன் ஐயா மினக்கெடுவான்?” என்று கேட்டார். அவரைக் குறை கூறமாட்டேன். அவர் வயதில் நானும் அப்படியே நினைத்தேன். நினைத்ததோடு நில்லாமல் செய்தும் பார்த்தேன்.

எங்கள் பழைய வீடு முருகைக்கல்லால் கட்டிச் சுண்ணாம்புச் சாந்து பூசியது. என் தங்கையின் திருமணத்துக்கு முன்னர், அதன் தெருப்பக்கச் சுவரை நானே துப்புரவு செய்வதாக ஏற்றுக்கொண்டேன். கம்பிப் பிரஷால் தேய்த்தேன். கறை போகாத இடங்களில் அசிற் ஊற்றினேன். அது நுரைத்துப் பொங்குவதைக் கண்டு, அழுக்குத்தான் கரைகிறது என்று மகிழ்ந்தேன். கரைந்தது அழுக்கன்று, சுவரே கரைந்தது. திருமண நாளன்று சுவர் வெள்ளை வெளேரென்று இருந்தது. வந்தவர்கள் புகழ்ந்தார்கள். அடுத்த மாரியிலே அச்சுவர் எங்கும் உப்புப் பூத்தது. அதை மறைக்கச் சீமெந்து பூசினேன். இரண்டு வருடம் செல்லவில்லை. சீமெந்துப் பூச்சு பாளம் பாளமாய் விழுந்தது. விழும்போது பழைய கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு விழுந்தது. என் தந்தையார் ஒரு வார்த்தை பேசவில்லை. விழுந்த துண்டு ஒன்றைக் கையிலே எடுத்துப் பார்த்து, திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போனார். அந்த மௌனத்தின் கனம் இன்றும் என் நெஞ்சில் இருக்கிறது. அப்படியொரு மௌனத்துக்கு உங்களில் ஒருவரும் ஆளாகக் கூடாது.

இனி விஷயத்துக்கு வருவோம். நம் சுவரிலே என்னதான் இருக்கிறது?

நாம் இருப்பது தீவு. ஒரு பக்கம் பாக்குநீரிணை; மறுபக்கம் மன்னார் வளைகுடா. சோளகம் வீசினாலும் வாடை வீசினாலும் காற்றோடு உப்பும் வருகிறது. நம் தென்கரையிலே 2020ஆம் ஆண்டு டிசம்பரில் திறந்து வைக்கப்பட்ட ‘தம்பபவனி’ காற்றாலையின் 30 கோபுரங்களைச் சுழற்றுகிற அதே காற்றுத்தான், நம் வீட்டுச் சுவரிலே நாள்தோறும் உப்பைத் தூவிச் செல்கிறது. அது போதாதென்று நிலத்தடியிலிருந்தும் உவர்நீர் சுவரிலே ஊறி ஏறுகிறது.

உப்பு சுவரை எப்படிக் கெடுக்கிறது? காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைக் கடந்தால், சாதாரண உப்பு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித் தானே கரைந்து நீராகிவிடும். குசினியிலே உப்புச்சாடி கசிவதைத் தாய்மார்கள் அறிவார்கள். இரவிலே கரைந்த உப்புநீர் கல்லின் நுண்துளைகளுக்குள் இறங்கும். பகல் வெயிலிலே காய்ந்து மீண்டும் படிகமாகும். படிகமாகும்போது அது பருத்துத் துளையின் சுவரை நெருக்கும். ஒரு நாள் நெருக்கினால் ஒன்றுமில்லை. வருடக்கணக்கில் கரைவதும் உறைவதுமாக இருந்தால் கல் பொடிப்பொடியாய் உதிரும். ஆகவே நமக்குப் பெரும் பகை தூசி அன்று. உப்பும், அதைக் கரைக்கும் ஈரமுமே ஆகும். துப்புரவு என்ற பெயரிலே சுவருக்குள் நீரை அடித்து ஏற்றுகிறவன், பகைவனுக்குக் கதவு திறந்து விடுகிறான்.

ஒரு வைத்தியர் முதலில் நாடி பார்க்கிறார். பிறகே மருந்து தருகிறார். நாமும் வாளியைத் தூக்குமுன் சுவரின் நோயை அறிதல் வேண்டும்.

விரலால் தொட்டால் ஒட்டுவதும், நாக்கு நுனியில் கரிப்பதுமான மெல்லிய படிவு காற்று கொண்டு வந்த தூசியும் உப்பும். வெள்ளைப் பஞ்சு போலவோ மாவு போலவோ சுவரின் உள்ளிருந்து வெளிவந்து நிற்பது உப்புப் பூ. பச்சையாகவும், காய்ந்தபின் கறுப்பாகவும், பெரும்பாலும் நிழற்பக்கத்திலும் பீலிக்குக் கீழும் படர்ந்திருப்பது பாசி. யன்னலுக்கு மேலேயுள்ள கொங்கிறீற்று வளையின் ஓரமாகச் செம்மண்ணிறத்தில் வழிந்திருப்பது உள்ளே கம்பி துருப்பிடித்ததன் அடையாளம். இந்தக் கடைசி வகையைத் தேய்த்துக் கழுவிப் பயனில்லை. துருவேறிய கம்பி பருத்துக் கொங்கிறீற்றை வெடிக்கச் செய்கிறது. அதற்கு வேண்டியது பிரஷ் அன்று, அனுபவமுள்ள மேசன். அத்தகைய வெடிப்பைக் கண்டால் அதன் கீழ் நிற்காதீர்கள், வீட்டுக்காரருக்குச் சொல்லுங்கள்.

நோயை அறிந்தபின் நோயாளியையும் அறிய வேண்டும். நம் ஊரிலே எல்லாச் சுவரும் ஒரே சுவரன்று.

முதலாவது, முருகைக்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த பழைய சுவர். இது மென்மையானது, நுண்துளை நிறைந்தது, மூச்சு விடுகிற சுவர் என்று சொல்லலாம். முருகைக்கல் அகழ்வதை இன்று சட்டம் தடுத்திருக்கிறது. ஆகவே தேய்ந்த கல்லுக்கு மாற்றுக்கல் கிடையாது. இதற்கு அழுத்தத் தண்ணீரும், அசிற்றும், கம்பிப் பிரஷும் மூன்றும் விலக்கு.

இரண்டாவது, சீமெந்துக்கல்லால் கட்டிப் பூச்சுப் பூசிய சுவர். யுத்தத்தின் பின் எழுந்த வீடுகள் பெரும்பாலும் இவ்வகை. இந்திய வீட்டுத்திட்டத்தின் கீழ், 2012ஆம் ஆண்டு தொடக்கம், குடும்பத்துக்கு 550,000 ரூபா உதவியுடன் மக்கள் தாமே முன்னின்று கட்டிய வீடுகளை நினைத்துப் பாருங்கள். எத்தனை தாய்மார் தம் கையாலே கல் சுமந்து கட்டியவை! இச்சுவர் உறுதியானது, மென்மையான தேய்ப்பைத் தாங்கும். ஆயினும் பூச்சிலே வெடிப்பு இருந்தால் நீர் அதன் வழியே உள்ளே புகும்.

மூன்றாவது, மண் சுவர். இதற்குத் தண்ணீரே ஆகாது. உலர்ந்த ஈர்க்கு விளக்குமாற்றால் மெல்லக் கூட்டி, வழக்கம்போல மெழுகுவதே தகும்.

நான்காவது, அஸ்பெஸ்டஸ் தகட்டால் அடைத்த பக்கச்சுவரும் கூரையும். இதை உலரத் தேய்க்கவும் கூடாது, அழுத்தத் தண்ணீரால் அடிக்கவும் கூடாது, உடைக்கவும் கூடாது. அதன் கண்ணுக்குத் தெரியாத நார்கள் காற்றிலே கிளம்பி நெஞ்சுக்குள் சென்றால், பல வருடங்கள் கழித்தும் சுவாசப்பை நோயும் புற்றுநோயும் வரலாம். இச்சிரமதானத்திலே அஸ்பெஸ்டஸைத் தொடாமல் விட்டுவிடுங்கள். இதை நான் வேண்டுகோளாக அன்று, கட்டளையாகவே சொல்லுகிறேன்.

கோயில்களையும் பராமரிக்கும் பொறுப்பு நமக்குண்டு. ஆகவே கருங்கல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. சம்பந்தராலும் சுந்தரராலும் பாடப்பெற்ற திருக்கேதீச்சரம் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டதையும், 1976ஆம் ஆண்டிலே குடமுழுக்குக் கண்டதையும், பின்னர் இந்திய அரசின் உதவியோடு கருங்கல் திருப்பணி நிறைவேறி 2022ஆம் ஆண்டு யூலை 6ஆம் திகதி மீண்டும் குடமுழுக்குக் கண்டதையும் நீங்கள் அறிவீர்கள். கருங்கல் வலியது என்று நாம் நினைக்கிறோம். ஆனால் அதன்மேல் அசிற் பட்டால், கல்லிலுள்ள இரும்புச் சத்து கரைந்து மஞ்சளாகவும் பழுப்பாகவும் கறை படியும். விளக்கெண்ணெய்ப் பிசுக்குக்கு அமிலத்தன்மையோ காரத்தன்மையோ அற்ற மென்சவர்க்காரமும் வெந்நீரும் துணியும் போதும். கோயிலிலே எதைத் தொடுவதானாலும் பரிபாலகரிடமும் ஸ்தபதியிடமும் கேட்டபின்னரே தொட வேண்டும்.

தமிழ்நாட்டுக் கோயில்கள் சிலவற்றிலே ஒரு காலத்தில் அழுத்தக் காற்றோடு மணலை வீசிக் கற்சுவரைத் துப்புரவு செய்தார்கள். பல நூற்றாண்டு எண்ணெயும் சுண்ணாம்பும் போனது உண்மை. கூடவே சிற்பங்களின் கூர்மையும் கல்வெட்டின் எழுத்துகளும் தேய்ந்தன. அறிஞர்கள் எதிர்த்தனர், பின்னர் அம்முறை தடுக்கப்பட்டது. தேய்ந்த எழுத்தோ திரும்பி வரவில்லை.

இதற்கு மாறான ஒரு வழியைத் தாஜ்மகாலிலே காணலாம். மஞ்சள் பூத்த அந்த வெண்சலவைக்கல்லின்மேல், 1994ஆம் ஆண்டு முதற்கொண்டு இந்தியத் தொல்லியல் துறையினர் முல்தானி மண்ணைக் குழைத்துப் பற்றுப் போடுகிறார்கள். மண் காயும்போது அழுக்கைத் தன்னுள் இழுத்துக்கொள்கிறது. பின் மெல்லிய பிரஷால் அகற்றித் தூய நீரால் கழுவுகிறார்கள். நம் பாட்டிமார் வீக்கத்துக்குப் பற்றுப் போடவில்லையா? அதே முறைதான். உலகமெங்கும் வியந்து பார்க்கிற கட்டடத்துக்கே மண்ணும் நீரும் பொறுமையும் போதுமென்றால், நம் வீட்டுத் திண்ணைச் சுவருக்கு மெசின் எதற்கு?

மெசினைப் பற்றி நியாயமாகவும் பேச வேண்டும். வீட்டுப் பாவனைக்குரிய சிறு இயந்திரமே நகரக் குழாய்த் தண்ணீரைப்போலப் பல மடங்கு, ஏறத்தாழ 100 பார் அழுத்தத்தில் நீரை வீசும். சீமெந்துத் தரைக்கும் முற்றத்துக் கல்லுக்கும் அது உதவும். சுவரிலே அடித்தால் பெயின்றை உரிக்கும். கல்லிடைச் சாந்தைத் தோண்டும். ஓட்டுக்கு அடியிலும் யன்னற் சட்டத்தின் இடுக்கிலும் நீரை ஏற்றும். மின்சாரப் பெட்டிக்குள்ளும் புகும். கையிலோ காலிலோ பட்டால் தோலைக் கிழித்து உள்ளே இறங்கும். வெளியே சிறு கீறல்போலத் தோன்றினாலும் அதற்கு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆகவே நமது பணிக்கு மெசின் வேண்டாம்.

அசிற்றின் கதையும் அதுவே. சுண்ணாம்போடு அது சேரும்போது கல்சியம் குளோரைட்டு என்ற உப்பு உண்டாகிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை விடாமல் இழுத்துக்கொண்டேயிருக்கும். என் வீட்டுச் சுவர் மாரி முழுவதும் ஏன் அழுதது என்பதை இக்காரணத்தை அறிந்த பின்னரே நான் விளங்கிக்கொண்டேன்.

சரி, எப்படித்தான் செய்வது? ஒவ்வொன்றாகச் சொல்லுகிறேன். குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று. முதலில் உலர் வேலை. மென்மையான தும்புப் பிரஷால் மேலிருந்து கீழாகத் தூசியையும் சிலந்தி வலையையும் தட்டுங்கள். உப்புப் பூவையும் உலர்ந்த நிலையிலேயே துடைத்து, கீழே விரித்த சாக்கிலே சேர்த்து, வீட்டுக்கு அப்பால் கொண்டுபோய்க் கொட்டுங்கள். அதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால், கரைந்து மீண்டும் சுவருக்குள்ளேயே போகும். இதனைப் பலர் அறியார்.

இரண்டு. ஒரு சதுர அடி மறைவான இடத்திலே பரீட்சித்துப் பாருங்கள். காயவிட்டு மறுநாள் பாருங்கள். கல் உதிர்ந்தாலோ, நிறம் மாறினாலோ, பெயின்ற் வழிந்தாலோ அம்முறையைக் கைவிடுங்கள்.

மூன்று. தண்ணீரை அறிந்து எடுங்கள். நம் தீவிலே கிணற்றுக்குக் கிணறு சுவை வேறு. உவர்க்கிணற்று நீரால் சுவரைக் கழுவுவது, உப்பால் உப்பைக் கழுவுவதாகும். குடிக்கத் தகுந்த நீர் அரிது. ஆகவே அதைச் சிக்கனமாகப் பாவிக்க வேண்டும். ஊற்றாதீர்கள், நனைத்துத் துடையுங்கள். இரண்டு வாளி வைத்து, ஒன்றில் கழுவும் நீர், ஒன்றில் அலசும் நீர். ஒரு சுவருக்கு மூன்று நான்கு வாளி நல்ல நீர் போதும்.

நான்கு. நனைப்பதும் தேய்ப்பதும் கீழிருந்து மேலாக. அலசுவது மேலிருந்து கீழாக. உலர்ந்த சுவரிலே அழுக்குநீர் வழிந்தால் கோடு கோடாய்க் கறை பதியும். நனைந்த சுவரிலே வழிந்தால் பதியாது. காலை வெயில் ஏறுமுன் தொடங்குங்கள். சுவரிலே காற்றும் வெயிலும் நேரே அடிக்கும் நேரம் ஆகாது.

ஐந்து. பாசிக்கு முதலில் தும்புப் பிரஷும் நீரும். சுண்ணாம்புச் சுவரிலே இதற்கு மேல் போகாதீர்கள். பெயின்ற் பூசிய உறுதியான சீமெந்துச் சுவரிலே பாசி பிடிவாதமாய் நின்றால், வீட்டுப் பாவனைக்குரிய பிளீச்சிங் திரவம் ஒரு பங்குக்கு நீர் ஒன்பது பங்கு கலந்து பூசி, பத்து நிமிடம் விட்டு, நன்றாக அலசலாம். அருகிலுள்ள துளசிக்கும் செவ்வரத்தைக்கும் முன்னும் பின்னும் நல்ல நீர் ஊற்றுங்கள். அதன் கழுவுநீர் கிணற்றங்கரைக்கு ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆறு. சுவரிடுக்கில் ஆலோ அரசோ முளைத்திருந்தால் பிடுங்காதீர்கள். வேர் சுவரைக் கட்டிப் பிடித்திருக்கும். பிடுங்கினால் கல்லும் சாந்தும் சேர்ந்து வரும். அடியோடு வெட்டிவிட்டு, மீண்டும் துளிர்க்கத் துளிர்க்க வெட்டுங்கள். தடித்த வேரானால் மேசனை அழையுங்கள்.

இவ்வளவையும் செய்தபின் வெள்ளையடித்தல். நம் முன்னோர் வருடந்தோறும் வெள்ளையடித்தது அழகுக்காக மட்டுமன்று. சுண்ணாம்புப் பூச்சு சுவருக்கு மேற்சட்டை போன்றது. உப்பும் வெயிலும் அந்தச் சட்டையைத் தின்னும், உடம்பு தப்பும். அது ஈரத்தை உள்ளே அடைக்காது, வெளியே விடும். நீற்றிய சுண்ணாம்பை நன்றாக ஊறவிட்டு, துணியால் வடித்து, பால்போல மெல்லியதாகக் கரைத்து, சுவரை இலேசாக நனைத்து, இரண்டு மூன்று முறை மெல்லப் பூசுங்கள். ஒரே முறையில் தடிப்பாகப் பூசினால் உதிரும். ஒட்டுவதற்கென்று சிலர் சுண்ணாம்பிலே கறியுப்பும் போடுவர். மன்னார்க் காற்று தருகிற உப்பே போதும். நீங்களும் போட வேண்டாம்.

இங்கே ஒரு சங்கடம் உண்டு. நமக்கு மழை பெரும்பாலும் ஐப்பசியிலிருந்து மார்கழி வரை. பொங்கலோ தை முதல் நாள். அதாவது சுவர் நன்றாக நனைந்து நிற்கிற வேளையிலேதான் நாம் வீட்டை அலங்கரிக்க விரும்புகிறோம். சுண்ணாம்பு இலேசான ஈரத்தைப் பொறுக்கும்; ஆகவே பொங்கலுக்கு வெள்ளையடிக்கலாம். பெயின்ற் அடிப்பதானால், மாசி பங்குனியிலே சுவர் காய்ந்தபின், சித்திரை வருடப் பிறப்புக்கு அடியுங்கள். ஈரச் சுவரிலே எண்ணெய்ப் பெயின்றோ பிளாஸ்ரிக் பெயின்றோ அடித்தால், உள்ளே அடைபட்ட ஈரம் கொப்புளம் கொப்புளமாக எழுந்து உரித்துவிடும். வீட்டிலுள்ள முதியவருக்கு இதைப் பணிவோடு எடுத்துச் சொன்னால் அவர் நிச்சயம் ஒப்புக்கொள்வார். பழைய பெயின்றை உலரச் சுரண்டவும் வேண்டாம். பழைய பெயின்றிலே ஈயம் இருக்கக்கூடும். அத்தூசி குழந்தைகளின் மூளைக்குத் தீது.

சுவரைக் காப்பது எப்படி என்று சொன்னேன். இனி உங்களைக் காப்பது எப்படி என்று சொல்லுகிறேன். சுவர் விழுந்தால் கட்டலாம், மகன் விழுந்தால்?

ஏணியைச் சமமான உறுதித் தரையிலே நிறுத்துங்கள். நம் மணல் தரையிலே கால் புதையும். அடியிலே அகலப் பலகை போடுங்கள். 12 அடி உயரத்தில் சாய்த்தால், அடி சுவரிலிருந்து 3 அடி விலகி நிற்க வேண்டும். கீழே ஒருவர் எப்போதும் பிடித்திருக்க வேண்டும். கைக்கு எட்டாத இடத்துக்கு உடலை வளைக்காதீர்கள்; இறங்கி ஏணியை நகர்த்துங்கள். காற்றுப் பலமான வேளையில் ஏறாதீர்கள். மின்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் வயரைப் பார்த்தபின்னரே ஏணியைத் தூக்குங்கள். அலுமினிய ஏணியை அதன் அருகே கொண்டு போகாதீர்கள். வெளிச்சுவரில் விளக்கோ ஆளியோ இருந்தால் மெயின் சுவிச்சை நிறுத்தியபின் ஈரவேலை தொடங்குங்கள்.

பிளீச்சிங்கை வேறு எதனோடும் கலக்காதீர்கள். அசிற்றோடு கலந்தால் குளோரின் என்னும் நச்சுவாயு எழும்பும். முதலாம் உலக மகாயுத்தத்திலே, 1915ஆம் ஆண்டு, போர்க்களத்தில் மனிதரைக் கொல்லப் பயன்பட்ட அதே வாயு அது. குசினியிலும் குளியலறையிலும்கூட இதை நினைவில் வையுங்கள். சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் தேய்க்காதீர்கள். கால் மணித்தியாலத்துக்குக் குறையாமல் நல்ல நீரால் கழுவியபடி வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள். கண்ணாடி அணிந்து வேலை செய்தால் அந்தத் துன்பமே இல்லை. சுட்ட சுண்ணாம்பை நீற்றும்போது அது கொதிக்கும். சிறுவர்களை அருகே விடாதீர்கள்.

முடிவாக ஒன்று. சுவர் கழுவி முடித்ததும் வேலை முடிந்துவிட்டதென்று வீட்டை விட்டுப் புறப்படாதீர்கள். அண்ணாந்து பாருங்கள். பீலி ஓட்டையா? ஓடு விலகியிருக்கிறதா? தாழ்வாரத்து நீர் சுவரடியிலே விழுந்து தெறிக்கிறதா? சுவரோடு மண் குவிந்திருக்கிறதா? பாசிக்கும் உப்புக்கும் தாய் இவைதாம். பீலியை அடைத்த சருகை எடுத்துவிடுவதும், சுவரடி மண்ணை அரையடி வெட்டி விலக்குவதும் அரை மணித்தியால வேலை. அந்த அரை மணித்தியாலம் நீங்கள் தேய்த்த முழு நாளைவிடப் பெறுமதியானது.

பல முறை இடம்பெயர்ந்து, பல முறை திரும்பி வந்த மக்கள் நாம். வாசலில் நின்று தன் வீட்டுச் சுவரைத் தடவிப் பார்க்கிற ஒரு முதியவளுக்கு அது வெறுங் கல்லன்று. போன தலைமுறையின் வியர்வையும், போனவர்களின் கைத்தடமும் அதிலே இருக்கின்றன. அழுக்கை எடுக்கப் போன நாம் அந்தத் தடத்தையும் சேர்த்து எடுத்துவிடக் கூடாது.

மெசின் கேட்ட தம்பி இச்சபையிலேதான் இருக்கிறார். அவரிடம் ஒரு வேண்டுகோள். அந்த வாடகைப் பணத்துக்கு ஆறு தும்புப் பிரஷும், நாலு வாளியும், நாலு கண்ணாடியும், ஒரு நல்ல கயிறும் வாங்கி வாருங்கள். முதல் வீட்டிலே முதற் பிரஷைப் பிடிக்க நானும் வருகிறேன். ஏணியில் ஏற இந்த வயதில் என்னை நீங்கள் விடமாட்டீர்கள். கீழே நின்று பிடித்துக்கொள்ளுகிறேன்.

எல்லாம் வல்ல கேதீச்சரநாதன் உங்கள் தொண்டுக்குத் துணைநிற்பானாக.